எந்தப் பக்கம் என்று சொல்லாத ஒளி

என் மேசையில் ஒரு கறுப்புக் கோல் கிடக்கிறது. ஒரு சாண் நீளம் இருக்கும், நடுவில் உடைந்து ஒட்டிய தழும்பு தெரியும். பழைய வானொலிப் பெட்டிக்குள் செம்புக் கம்பி சுற்றிப் படுத்திருக்குமே, அந்தப் பெரைட் கோல். அப்பா கொட்டாஞ்சேனையில் வீட்டு முன்னறையிலேயே வானொலி திருத்திக்கொண்டிருந்தார், சாமான் வாங்கப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எட்டு வயதில் இந்தக் கோலை நான் கீழே போட்டேன். இரும்பு என்று நினைத்திருந்தேன், விழுந்ததும் பிஸ்கட் மாதிரி இரண்டாக முறிந்தது. அடி விழும் என்று நின்ற என்னிடம் அப்பா இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டு, "இது இரும்பில்லை தம்பி, இரும்புத் துருவைச் சுட்டுச் செய்த ஓடு. ஒட்டிப்போட்டால் பாடும்" என்றார். பாடியது.

இப்போது நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ரயில் போகும்போது பாடத்தை நிறுத்த வேண்டும், அரை நிமிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. 2025 ஒக்டோபரில் நோபல் பரிசு அறிவித்த வாரம், ஜோன் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜோன் மார்ட்டினிஸ் மூவரும் 1980களின் நடுவில் செய்த பரிசோதனைகளைப் பற்றி வகுப்பில் கொஞ்சம் கதைத்தேன்: கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு மின்சுற்று, அதில் கோடிக்கணக்கான இலத்திரன்கள் ஒன்றுசேர்ந்து ஒரே துணிக்கை போல நடந்து, ஏறிக் கடக்க முடியாத ஒரு தடையை ஊடுருவி மறுபக்கம் வந்ததை அவர்கள் காட்டியிருந்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி என் மேசையில் கிடந்த கோலைக் காட்டிக் கேட்டாள்: "சேர், மின்சுற்றில ஏலும் என்றால் காந்தத்தில ஏலாதா? ஒரே காந்தம் ஒரே நேரத்தில வடக்கையும் தெற்கையும் பார்க்கிற மாதிரி?"

ரயில் வந்தது. அந்த அரை நிமிடத்தில் எனக்குக் கிடைத்த பதில், "நல்லாக் குளிர வைத்தால் செய்யலாம் பிள்ளை" என்பதுதான். அது பொய்யில்லை, ஆனால் பதிலும் இல்லை. குளிர் மட்டும் போதாது, ஒளி வேண்டும், அதுவும் பார்த்ததில் பாதியைச் சொல்லி மீதியை மறைக்கத் தெரிந்த ஒளி வேண்டும். அன்று இரவு முழுக்க இது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒழுங்கான பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், இரண்டு நிலையில் இருப்பது என்றால் என்ன? மேற்பொருந்துகை என்ற சொல்லை அலைகள் பாடத்திலேயே படிக்கிறோம். வெள்ளவத்தைக் கரையில் நின்றால் கண்ணாலும் பார்க்கலாம்: ஓர் அலை பாறையில் பட்டுத் திரும்பி வரும், இன்னோர் அலை கடலிலிருந்து வரும், சந்திக்கிற இடத்தில் தண்ணீர் ஒன்றுதான், ஆனால் இரண்டு அலையும் அதற்குள் இருக்கின்றன, சில இடத்தில் கூடி எழும்பும், சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துத் தட்டையாகிப் போகும். குவாண்டம் மேற்பொருந்துகையும் இப்படித்தான். கையால் மூடிய காசு தலையா பூவா என்று தெரியாமலிருப்பது மேற்பொருந்துகை அல்ல, அங்கே காசு ஏற்கெனவே விழுந்துவிட்டது, எங்களுக்குத்தான் தெரியாது. இரண்டு சாத்தியங்களும் இன்னும் ஒன்றோடொன்று கூடவும் அழிக்கவும் இயலுமாக இருக்க வேண்டும். அந்த அழிதலை, அந்தத் தட்டையான இடத்தை, பரிசோதனையில் காட்டினால்தான் நான் நம்புவேன்.

இலத்திரனுக்கும் அணுவுக்கும் இது அன்றாட வேலை. பெரிய பொருளில் ஏன் காணவில்லை என்று சுரோடிங்கர் 1935இல் உயிரோடும் இறந்தும் ஒன்றாக இருக்கிற ஒரு பூனையை வைத்துக் கேட்ட கேள்வி எல்லோருக்கும் தெரிந்தது, அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பிறகு வந்தவர்கள் கண்டுபிடித்த பதில்தான் முக்கியம்: பெரிய பொருளைச் சுற்றிச் சாட்சிகள் அதிகம். தொடர்மாடி வீட்டில் ஒரு ரகசியம் எப்படிப் போகுமோ அப்படித்தான். காற்று மூலக்கூறு ஒன்று வந்து மோதினால் அந்தப் பொருள் எங்கே இருந்தது என்பதில் கொஞ்சத்தை அது எடுத்துக்கொண்டு போகிறது, வெப்பக் கதிர் ஒன்று தப்பினால் அதுவும் கொஞ்சத்தைக் கொண்டு போகிறது. கேட்பதற்கு மனிதர் இருக்க வேண்டும் என்றில்லை. செய்தி வெளியே போய்விட்டால் போதும், இரண்டு சாத்தியங்களும் இனிமேல் ஒன்றையொன்று அழிக்க முடியாது, காசு விழுந்துவிட்டது.

அப்படியென்றால் இந்த வேலைக்கு ஒளியைப் போல மோசமான ஆள் வேறு கிடையாது. ஒளியின் தொழிலே பார்த்ததைப் போய்ச் சொல்வதுதான். ஆனாலும் காந்தங்களில் இந்த நிலைகளைச் செய்தவர்கள் பலரும் ஒளியைக் கொண்டே செய்தார்கள். எனக்கு இது விளங்க வருடக்கணக்கில் எடுத்தது, அதுவும் கம்பஸில் புள்ளி குறைந்த ஒரு பரிசோதனையின் வழியாகத்தான் விளங்கியது.

இரண்டாம் வருடத்தில் பரடே விளைவு பார்க்கச் சொன்னார்கள். 1845இல் மைக்கல் பரடே கண்டது: கண்ணாடிக்குள் ஒளி போகும் திசையிலேயே காந்தப்புலம் கொடுத்தால், ஒளியின் முனைவாக்கம், அதாவது அலை எந்தத் தளத்தில் ஆடுகிறதோ அந்தத் தளம், கொஞ்சம் திரும்புகிறது. ஒளிக்கும் காந்தத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று உலகத்துக்கு முதன்முதல் தெரிந்தது அப்போதுதான். எங்களிடம் ஒரு கனத்த கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றிச் செம்புச் சுருள், இரண்டு பக்கமும் ஒரே தளத்தில் ஆடும் ஒளியை மட்டும் விடுகிற ஒவ்வொரு போலரொயிட் தகடு. ஒரு தகடு நிலைக்குத்தாக, மற்றது கிடையாக வைத்தால் ஒளி வராது, இருட்டு. சுருளில் மின்னோட்டம் விட்டால் முனைவாக்கம் ஒரு பாகைக்கும் குறைவாகத் திரும்பும், அந்தக் கொஞ்சம் ஒளி மட்டும் கசிந்து வரும். யன்னல் சீலையை இழுத்து மூடி, கண் இருட்டுக்குப் பழகக் காத்திருந்து, அந்தக் கசிவைப் பார்த்தபோது நெஞ்சு படபடத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு மின்னோட்டத்தை எதிர்த்திசையில் விட்டேன். முனைவாக்கம் மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும். கசிவு அதே அளவு. இடமா வலமா என்று அந்த வெளிச்சத்தை வைத்துச் சொல்லவே முடியவில்லை. "திசையை அறிய முடியவில்லை" என்று அறிக்கையில் எழுதினேன். திருத்தியவர் சிவப்புப் பேனையால், தகடுகளை 45 பாகையில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எழுதிப் புள்ளியைக் குறைத்தார். அவர் சொன்னது சரிதான். குறுக்கே வைத்த தகடு "திரும்பியது" என்று மட்டும் சொல்லும், "எந்தப் பக்கம்" என்று சொல்லாது.

இதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு காந்தத்துக்குள் போவோம்.

அப்பாவின் பெரைட்டுக்கு நெருங்கிய உறவான ஒரு பளிங்கு இருக்கிறது, இற்றியம் இரும்பு கார்னெட் என்று பெயர். கார்னெட் என்றால் அந்நியமாகத் தோன்றலாம், ஆனால் செட்டியார் தெருவில் நவரத்தின மோதிரம் செய்யக் கொடுத்தவர்கள் எல்லோரும் அந்தக் குடும்பத்தில் ஒருவரைத் தொட்டிருப்பார்கள். இராகுவுக்கு வைக்கிற கோமேதகம் ஒரு கார்னெட்தான், எங்கள் நாட்டு மண்ணிலேயே கிடைக்கிறது. கோமேதகத்தில் அணுக்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றனவோ அதே ஒழுங்கில், கல்சியமும் அலுமினியமும் சிலிக்கனும் இருக்கிற இடங்களில் இற்றியத்தையும் இரும்பையும் குடியேற்றினால் இந்தப் பளிங்கு. 1950களின் நடுவில் பிரான்சில் முதலில் செய்தார்கள். ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்த ஊசி. ஐந்து ஊசிகளில் மூன்று ஒரு பக்கம் பார்க்கும், இரண்டு எதிர்ப்பக்கம் பார்க்கும், மிச்சமாகிற ஒன்றின் பலம்தான் வெளியே காந்தமாகத் தெரிகிறது. பெரைட்டிலும் இதே கதைதான், 1948இல் லூயி நேல் இதை விளக்கினார், அதற்கும் சேர்த்துத்தான் 1970இல் நோபல் கிடைத்தது. இந்தப் பளிங்கில் மின்சாரம் ஓடாது. அதனால் ஊசிகள் ஆடத் தொடங்கினால் அந்தச் சக்தியைக் களவெடுக்கச் சுயாதீன இலத்திரன்கள் கிடையாது, ஆட்டம் நீண்ட நேரம் நிற்கும். ஆராய்ச்சிக்கூடங்களில் இதை உருண்டையாக உருட்டி மினுக்கி வைத்திருப்பார்கள், அரை மில்லிமீற்றர் அளவு, ஒரு ரவைத் துணிக்கை. அந்த ரவைக்குள் இருக்கிற காந்தத்தைக் குட்டி ஊசிக் கணக்கில் சொன்னால் 1க்குப் பின்னால் 18 பூச்சியம்.

இத்தனை ஊசிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை மட்டும் திருப்ப முடியுமா? கோவில் தேர்வடம் பிடித்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். ஆயிரம் பேர் இழுக்கிற வடத்தில் ஓர் ஆளின் பலம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் கையை விட்டது? காந்தத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, ஏனென்றால் எல்லோருமே ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டிருக்கிறார்கள், அந்தத் தொய்வு வடம் முழுக்க ஓர் அலையாக நிற்கிறது. பீலிக்ஸ் புளோக் 1930இல் கண்ட இந்த அலையின் ஆகக் குறைந்த அளவுக்கு, ஓர் ஆளின் தொய்வுக்கு, மக்னன் என்று பெயர். ஒரு மக்னன் என்பது எண்ணில் ஒன்று, ஆனால் ரவை முழுக்கப் பரந்திருக்கிறது. இதை நான் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் நிற்கும், அவ்வளவு அழகு.

சரி, ஒளிக்கு வருவோம். ஊசிகள் சாய்ந்திருந்தால் ஒளியின் முனைவாக்கம் திரும்பும், அது பரடே சொன்னது. கட்டிக் காந்தத்துக்கு முன்பே, ஆவியாக மிதக்கும் அணுக்கூட்டத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். அணுக்கூட்டமும் ஒரு காந்தம்தான், ஒவ்வோர் அணுவுக்கும் ஓர் ஊசி. 2001இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் இயூஜின் பொல்சிக்கின் குழு, சீசியம் ஆவி அடைத்த இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக்கொண்டது, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி அணுக்கள். ஒரே லேசர்க் கதிரை இரண்டு குப்பிகளுக்குள்ளும் ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பி, கடைசியில் முனைவாக்கம் எவ்வளவு திரும்பியது என்று அளந்தார்கள். அந்த அளவு இரண்டு குப்பிகளின் கூட்டுத்தொகையைச் சொல்லும், முதல் குப்பியில் எவ்வளவு, இரண்டாவதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அந்தச் சொல்லாத பகுதியால்தான் இரண்டு குப்பிகளும் பின்னிக்கொண்டன, தனித்தனியாக விவரிக்க முடியாத ஒரே நிலையாக அரை மில்லி செக்கன் நின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 2015இல் நடந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி பல்கலைக்கழகத்தில் விளாடன் வூலெட்டிச்சின் குழு, ஒளியைத் தெறிக்கச் செய்யும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஏறத்தாழ 3,100 ருபீடியம் அணுக்களைக் குளிர்வித்துப் பிடித்து வைத்திருந்தது. எல்லா ஊசிகளையும் ஒரே திசையில் நிறுத்தினாலும் குவாண்டம் விதி அவற்றை முற்றாக அசையாமல் இருக்க விடாது, கூட்டத்தின் மொத்த ஊசி கொஞ்சம் இந்தப் பக்கமோ கொஞ்சம் அந்தப் பக்கமோ சாயும். மிக மெல்லிய ஒளியை நிலைக்குத்து முனைவாக்கத்தில் உள்ளே விட்டார்கள். வெளியே கிடை முனைவாக்கத்தை மட்டும் பார்க்கும் ஓர் உணரியை வைத்தார்கள். பெரும்பாலான தடவை இருட்டு. எப்போதாவது ஒரே ஒரு போட்டன், அதாவது ஒளியின் ஆகச் சிறிய ஒரு துணிக்கை, அந்த உணரியில் வந்து விழும். அது சொல்வது இதுதான்: கூட்டம் சாய்ந்திருந்தது, நான் திரும்பினேன். எந்தப் பக்கம்? சொல்லாது. இடப்பக்கம் சாய்ந்திருந்தாலும் வலப்பக்கம் சாய்ந்திருந்தாலும் அதே போட்டன், அதே உணரி, அதே சத்தம்.

வாசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் கம்பஸின் இருட்டறையும் சிவப்புப் பேனையும் கண்முன்னால் வந்தன. அதே குறுக்குத் தகடு. நான் குறை என்று எழுதிக் கொடுத்த அந்த அறியாமைதான் இங்கே கருவி. போட்டன் விழுந்த அந்தக் கணத்தில் இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது என்ற இரண்டு சாத்தியங்களும் அணுக்கூட்டத்தில் ஒன்றாக நிற்கின்றன, அதுவும் எதிரெதிர் அவத்தையில், அதாவது ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி, ஆகவே நேராக நிற்பது என்ற நடு இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. முன்பு நடுவில்தான் கூட்டம் இருக்க அதிக வாய்ப்பு, இப்போது அங்கே பள்ளம். கரையில் நான் சொன்ன தட்டையான தண்ணீர் இதுதான். அந்தப் பள்ளத்தை அவர்கள் அளந்தும் காட்டினார்கள், ஏறத்தாழ 3,000 அணுக்கள் ஒரே ஒரு போட்டனால் பின்னப்பட்டிருந்தன. 45 பாகையில் தகட்டை வைத்திருந்தால், அதாவது எனக்குத் திருத்திக் காட்டிய சரியான முறையில் அளந்திருந்தால், போட்டன் பக்கத்தைச் சொல்லியிருக்கும், அந்தப் பள்ளம் வந்திருக்காது.

ஆகவே ஒளி சாட்சி என்பதால் கெடுப்பதில்லை. பக்கத்தைச் சொல்லிவிடும் சாட்சி என்றால்தான் கெடுக்கும். மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் அவள் கேட்டது ஆவியைப் பற்றி அல்ல, கையில் பிடிக்கிற கட்டிக் காந்தத்தைப் பற்றி. அங்கே கதை கடினமாகிறது. கார்னெட் உருண்டை எங்கள் கண்ணுக்குக் கறுப்பு, ஆனால் 1.5 மைக்ரோமீற்றர் அளவு அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடி. இணையத்துக்காகக் கடலடியில் கிடக்கும் நார்களில் ஓடுவதும் அதே அலைநீளம்தான். இந்த ஒளியை உருண்டைக்குள் விட்டால் அது விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும். லண்டன் சென். போல் தேவாலயத்தின் குவிமாடச் சுவரில் ஒருவர் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கத்தில் கேட்கும் என்பார்கள், சுவரோடு ஒட்டி ஓடும் அந்த ஒலியை 1921இல் போய் ஆராய்ந்தவர்களில் எங்கள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமனும் ஒருவர். உருண்டைக்குள் ஒளி ஓடுவதும் அதே விதம். அடுத்ததும் இராமன் வழிதான்: ஒரு போட்டன் உள்ளே போகிறது, கொஞ்சம் சக்தி குறைந்து, கொஞ்சம் சிவந்து வெளியே வருகிறது, குறைந்த சக்தி ஒரு மக்னனாக உள்ளே தங்கிவிடுகிறது. மூலக்கூறுகளில் இதை அவர் 1928இல் கண்டார், இங்கே மூலக்கூறுக்குப் பதில் காந்த அலை. அந்தச் சிவப்பு மிகச் சிறியது, போட்டனின் மீடிறனில், அதாவது செக்கனுக்கு ஆடும் தடவைகளில், ஏறத்தாழ 20,000இல் ஒரு பங்கு. இரண்டு உருண்டைகளை வைத்து, சிவந்த போட்டன் எந்த உருண்டையிலிருந்து வந்தது என்று தெரியாதபடி கலந்து பிடித்தால், ஒரே மக்னன் இரண்டு காந்தங்களிலும் இருக்கும் நிலை கிடைக்க வேண்டும். மறுபடியும் அதே வாய்மூடிய சாட்சி.

கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன், ஏனென்றால் உருண்டைக்குள் ஒளியும் மக்னனும் பேசிக்கொள்வது மிகவும் மெல்லிய குரலில். 2016இல் மூன்று குழுக்கள் உருண்டையில் ஒளி இப்படிச் சிதறுவதைக் காட்டின. அதே வருடம் மக்னனை இடையில் வைத்து நுண்ணலையை ஒளியாக மாற்றிப் பார்த்தபோது கிடைத்த திறன் ஏறத்தாழ ஆயிரம் கோடிக்கு ஒன்று. குரலை உயர்த்த லேசரைக் கூட்டினால் உருண்டை சூடாகும். சூடாகினால் சாட்சிகள் பெருகும். கொழும்பின் 30 பாகை வெக்கையில், 10 கிகாஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு ஆயிரம் கோடி தடவை, ஆடும் அந்த ஒரே காந்த ஆட்டத்தில், யாரும் ஒன்றும் செய்யாமலே 600க்கு மேற்பட்ட மக்னன்கள் வந்து போய்க்கொண்டிருக்கும். அந்தச் சந்தை இரைச்சலில் ஒரு மக்னனை எங்கே தேடுவது? கெல்வினில் நூறில் ஒரு பங்கு வரைக்கும், அதாவது அறுதிப் பூச்சிய வெப்பநிலைக்கு மிக அருகே, குளிர்வித்தால்தான் அறை காலியாகும், அந்தக் குளிரில் லேசரை விடுவது குளிர்சாதனப் பெட்டிக்குள் அடுப்பு மூட்டுவது போல. ஒளி வேண்டும், ஒளி கூடாது. இந்தத் துறையின் உண்மையான இடறு இதுதான் என்று நான் நினைக்கிறேன், கருவியை நன்றாகச் செய்தால் சரிவரும் சின்ன விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் டோக்கியோவில் யசுனோபு நகமுராவின் குழு வேறு ஒளியை எடுத்தது. நுண்ணலையும் ஒளிதான், கண்ணுக்குத் தெரியாத நீண்ட ஒளி, அதன் மீடிறன் மக்னனின் மீடிறனோடு அப்படியே ஒத்துப்போகும். செம்புப் பெட்டிக்குள் அரை மில்லிமீற்றர் கார்னெட் உருண்டையையும், அதே பெட்டியில் கொஞ்சம் தள்ளி மின்தடை இல்லாத ஒரு மீகடத்திச் சுற்றையும் வைத்தார்கள், அந்த நோபல் மின்சுற்றின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். இரண்டும் ஒன்றையொன்று தொடாது, இடையில் நுண்ணலை மட்டும் தூது போகும். 2015இல் அவை ஒன்றோடொன்று சக்தியைப் பரிமாறிக்கொள்வதைக் காட்டினார்கள். 2020இல் உருண்டைக்குள் ஒரு மக்னன் இருக்கிறதா இல்லையா என்று ஒரே தடவையில் கேட்டு அறிந்தார்கள். 2023இல் சீனக் குழு ஒன்று ஒரு மக்னன் இருக்கிற நிலையும் இல்லாத நிலையும் சேர்ந்த மேற்பொருந்துகையைத் தங்கள் விருப்பப்படி செய்து, அதன் அவத்தையையும் அளந்தது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கட்டி, 1க்குப் பின்னால் 18 பூச்சியத்துக்கும் மேற்பட்ட குட்டி ஊசிகள், ஒரே நேரத்தில் இரண்டு நிலையில்.

இதோடு முடித்துவிட்டால் நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனால் இது அவள் கேட்ட வடக்கும் தெற்கும் அல்ல. மக்னன் இருக்கிற காந்தத்துக்கும் இல்லாத காந்தத்துக்கும் வித்தியாசம் ஓர் ஆளின் தொய்வு. ஆயிரம் பேர் பிடித்த வடத்தில் ஒரு ஆள் குறைந்தும் குறையாமலும் நிற்கிறது என்றால் அது ஆயிரம் பேரும் முன்னாலும் பின்னாலும் இழுப்பது ஆகாது. எத்தனை ஊசிகள் பங்கெடுத்தன என்ற எண்ணைப் பெரிதாக எழுதி "பெரும் பொருள் மேற்பொருந்துகை" என்று அறிவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு நிலைகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைத்தான் கேட்க வேண்டும். இதனால் அந்தப் பரிசோதனைகளின் மதிப்பு குறையாது, ஒற்றை மக்னனைப் பிடித்து அவத்தையோடு ஆட்டுவிப்பது மிகப் பெரிய காரியம். ஆனால் மாணவர்களுக்குச் சொல்லும்போது எந்த மலையில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று சரியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள், சிலர் நேரத்தைப் பார்த்தார்கள், பரீட்சைக்கு வராத விஷயம். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவள் நின்றாள். "சேர், அப்ப தூரத்தைக் கணக்குப் பார்ப்பமே. முழுக்கத் திரும்ப வேண்டாம். ஒரே ஒரு பாகை சாய்ந்த காந்தமும் சாயாத காந்தமும் என்று வைத்தால் எத்தனை மக்னன்?"

கரும்பலகையை அழித்துவிட்டு இரண்டு பேரும் போட்டோம். ரவை அளவு உருண்டைக்கு ஒரு பாகைச் சாய்வு என்றால் 1க்குப் பின்னால் 14 பூச்சியம், ஒரு கோடி கோடி மக்னன். அவள் முகம் கொஞ்சம் விழுந்தது. அதற்கு மேல் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. பாரிஸில் செர்ஜ் ஹரோஷின் குழு 1996இல், ஒரு சில போட்டன்கள் மட்டும் உள்ள நுண்ணலையை இரண்டு அவத்தையில் ஒன்றாக நிறுத்தி, அது எவ்வளவு விரைவாகக் குலைகிறது என்று பார்த்தது. இரண்டு நிலைகளும் விலக விலகக் குலைவும் விரைவானது. காந்தத்திலும் அதே விதிதான். ஒரு மக்னன் அந்தப் பளிங்கில் ஒரு மைக்ரோ செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவு நேரம் தங்கும். கோடி கோடி மக்னன் தூரத்தில் உள்ள இரண்டு நிலைகள் என்றால் அந்த நேரத்தை ஏறத்தாழக் கோடி கோடியால் பிரிக்க வேண்டும், ஏனென்றால் அத்தனை மக்னன்களில் ஏதோ ஒன்று தப்பிப் போய்ச் சொன்னாலே போதும். பிரித்தோம். அந்த நேரத்துக்குள் ஒளிகூட ஓர் அணுவின் அகலத்தைத் தாண்டாது.

அவள் கோலைக் கையில் எடுத்து ஒட்டிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். இந்தக் கோலும் ஒருகாலத்தில் ஒளியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது, வானொலி அலையும் ஒளிதானே, எங்கள் வீட்டு முன்னறையில் அதன் ஊசிகள் எண்ணவே முடியாத அளவு போட்டன்களோடு சேர்ந்து ஆடின, ஆனால் எந்தப் பாட்டும் இரண்டாக நிற்கவில்லை என்று சொன்னேன். வெளியே மாலை ரயில் மருதானைப் பக்கம் போனது, பேச்சை நிறுத்தினோம். சத்தம் அடங்கும் வரைக்கும் அவள் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சோக்கை எடுத்து 14 பூச்சியங்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கையால் அழித்தாள். "பத்து மக்னன் என்றால்?"

கணக்குப் போட்டேன். பத்து மக்னன் தூரம் என்றால் ஏறத்தாழ 10 நனோ செக்கன் நிற்கும். அதற்குள் அந்தக் காந்தம் நூறு தடவை ஆடி முடித்துவிடும். நுண்ணலையால் அதைச் செய்யவும், செய்ததைப் பார்க்கவும் அந்த நேரத்துக்குள் இடம் இருக்கிறது. 2021இல் கோட்பாட்டாளர்கள் இப்படிச் சில மக்னன் அளவிலான நிலைகளுக்குத்தான் வழி கணித்துக் காட்டியிருக்கிறார்கள், மக்னனும் போட்டனும் பின்னிக்கொண்ட பிறகு போட்டனை அளந்து மக்னனை அந்த நிலையில் விடுவதும் அவற்றில் ஒன்று.

"அப்ப பத்து காணும் சேர்" என்று சொல்லிவிட்டு, கோலை மேசையில் வைத்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.